மாதேஸ்வரி கடை டியூப் லைட்

டியூப் லைட்டுக்கு ஆள் பார்த்து எரியத் தெரியுமா? தெரியும் என்றுதான் ஜூஜுவாடியில் அந்த மாசம் பேசிக்கொண்டார்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் விளக்குகள் எல்லாம் கரண்டில் எரிந்தன. இந்தப் பக்கம் மாதேஸ்வரியின் தையல் கடை விளக்கு மட்டும் ராசியில் எரிகிறதாம்.

கடை சர்வீஸ் ரோட்டில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே. முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் சென்னம்மாவின் தண்ணீர் கேன் பிளான்ட். கட்டடமே சென்னம்மாவுடையதுதான். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் நீல ஓவர்கோட்டைக் கூடக் கழற்றாமல் நேராக மாதேஸ்வரியிடம் வருவார்கள். பகலில் அவர்களுக்கு நேரம் ஏது? ஜாக்கெட்டுக்கு அளவு கொடுப்பது, தைத்ததைப் போட்டுப் பார்ப்பது, நூலுக்கும் துணிக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று தர்க்கம் பண்ணுவது, எல்லாம் விளக்கு வைக்கிற அந்த வேளையில்தான். அந்த வேளையில் கடை இருட்டிக் கிடந்தால் மாதேஸ்வரி கடையைத் திறந்ததற்கே அர்த்தமில்லை.

அந்த வேளை பார்த்துத்தான் விளக்கு மக்கர் பண்ணியது. சுவிட்சைப் போட்டால் டியூபின் இரண்டு முனையிலும் சிவப்பாகக் கங்கு தெரியும். நடுவில் வெளிச்சம் ஒரு தரம் வெட்டும், இன்னொரு தரம் வெட்டும். தும்மல் வருவதுபோல வந்து, வராமலே போய்விடும்.

சர்வீஸ் ரோட்டுக் கடைசியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர் கௌஸ் பாஷா. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். மாதேஸ்வரி போன் பண்ணினால் வருவார், ஆனால் மறுநாள் பகலில்தான் வருவார். விளக்கு வைக்கிற நேரம் அவருக்கு மக்ரிப் தொழுகை. தொழுதுவிட்டு வந்தால் கடையில் கூட்டம் நெரியும். இருட்டின பிறகுதானே ஜனங்களுக்கு பல்பு ஞாபகம் வருகிறது. பகலில் வந்து சுவிட்சைப் போடுவார். பளிச்சென்று எரியும்.

"எரியுதே தங்கச்சி."

"நேத்து எரியல பாய்."

"நேத்து எரியாததுக்கு நேத்துதான் ரிப்பேர் பண்ணணும். இன்னைக்கு நான் என்னாத்த பண்றது?"

இப்படிப் பேசினாலும் சும்மா போகிற ஆள் இல்லை. முதலில் ஸ்டார்டரை மாற்றினார். அப்புறம் சோக்கை மாற்றினார். கடைசியில் டியூபையே மாற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் பகலில் எரிந்தது, பொழுது இறங்கினதும் படுத்துக்கொண்டது.

பகலிலேயே போட்டு, அணைக்காமல் சாயங்காலம் வரை விட்டுவைத்திருந்தால் பாதிச் சங்கதி அப்போதே தெரிந்திருக்கும். அது நடக்கிற காரியமா? பொழுது இருக்கும்போதே விளக்கு எரியவிட்டால் வீடு விளங்காது என்று கேட்டு வளர்ந்தவள் மாதேஸ்வரி. பாய் போட்டுக் காட்டி முடிப்பதற்குள் எட்டி அணைத்துவிடுவாள். சூரியன் விழுந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாள். எரிந்தால் அந்த வெளிச்சத்தைக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இப்படியாக, கோளாறு வருகிற நேரத்தில் பார்க்கத் தெரிந்தவர் அங்கே இல்லை, பார்க்கத் தெரிந்தவர் வருகிற நேரத்தில் கோளாறு இல்லை. அவரவர் வழக்கத்தை அவரவர் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள், நடுவில் விளக்கு அணைந்தது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அந்தி மசங்குகிற நேரத்தில், கடை இருட்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு சென்னம்மா வந்தாள். வீட்டில் கன்னடம், கேன் ஏற்றுகிறவர்களிடம் தெலுங்கு, குடியிருப்பவர்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே அதட்டலில் பேசுகிறவள். கண்ணெதிரே ஆள் இல்லாமல் கேன் நிரப்பும் மோட்டார் ஓடக் கூடாது என்பது அவள் சட்டம். அன்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து சுவிட்சைப் போட்டாள். டியூப் ஒரே வெட்டில் எரிந்தது. அளவு கொடுக்க வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"பாத்தியா?" என்றாள் சென்னம்மா. "வெளக்குக்குத் தெரியும்மா, யாரு கைன்னு. நீ கட்டனவன வேணாம்னுட்டு வந்தவ. அது பேசுதோ என்னமோ. நீ ஒண்ணும் வருத்தப்படாத. தினம் நானே வந்து போட்டுட்டுப் போறேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். கெட்ட எண்ணத்தில் சொன்னால் திருப்பிக் கேட்கலாம், இரக்கப்பட்டுச் சொன்னால் என்ன செய்வது? மாதேஸ்வரிக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. சிங்காரப்பேட்டையில் அவளைக் கட்டினவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஒருநாள் அவளும் திருப்பி அடித்தாள். மறுநாள் காலையில் ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்து, காசு சேர்த்து, சொந்தமாக ஒரு கால் மிஷின் வாங்கி இந்தக் கடையைப் பிடித்தாள். இதில் விளக்குக்குக் கோபம் வர என்ன இருக்கிறது?

"வேணாங்க்கா," என்றாள். "என் கடை வெளக்க நான்தான் போடுவேன்."

சென்னம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். பின்பக்கம் மோட்டார் உறுமத் தொடங்கியது. டியூப் ஒரு தரம் நடுங்கிவிட்டு நின்று எரிந்தது. மாதேஸ்வரிக்கு அந்த வெளிச்சத்தில் உட்கார மனசு ஒப்பவில்லை. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, நன்றாக எரிந்த விளக்கை அணைத்தாள். தன் கையால் மறுபடி போட்டாள். முனை சிவந்தது, வெட்டியது, எரியவில்லை. இன்னும் இரண்டு தரம் போட்டாள். எரியவே இல்லை. வந்திருந்தவர்களில் ஒருத்தி, "விடுங்கக்கா," என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்புறம் பேச்சு பரவுவதற்குக் கேட்கவா வேண்டும். கடைக்கு வந்த பெண்களில் ஓரிருவர் தாங்களும் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் எரியவில்லை. அந்தப் பழியும் மாதேஸ்வரி தலையில்தான் விழுந்தது, அவள் ராசி கடை முழுக்க ஒட்டிக்கொண்டதாம். சாதாரணத் துணி கொடுப்பவர்கள் கொடுத்தார்கள். கல்யாணத் துணி மட்டும் வேறு தெருவுக்குப் போனது.

"இத கழட்டிக் கடாசிட்டு ஒரு எல்இடி மாட்டிக்க தங்கச்சி," என்றார் கௌஸ் பாஷா. "சொன்ன பேச்சு கேக்கும்."

"கழட்டினா என்னா சொல்லுவாங்க? மாதேசு கைக்கு எரியாமதான் கழட்டிட்டான்னு சாவற வரைக்கும் சொல்லுவாங்க பாய். எரிஞ்சா இதுதான் எரியணும். என் கையிலதான் எரியணும்."

"அது வரைக்கும்?"

அது வரைக்கும் செல்போன் டார்ச்சைக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டு அதன் கீழே தைத்தாள். கறுப்பு நூலும் கருநீல நூலும் அதில் ஒன்றாகத் தெரிந்தன. தப்பாகத் தைத்ததைப் பகலில் பிரித்துத் திரும்பத் தைத்தாள். சென்னம்மாவைக் கூப்பிட்டால் ஒரு நொடியில் வெளிச்சம் வரும். கூப்பிடவில்லை.

பூங்கொடி வந்தது ஒரு மத்தியானம். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறவள். விரல் நுனியெல்லாம் முள் கீறின தழும்பு. அவள் மகள் அனுப்ரியா அந்த நீல ஓவர்கோட்டுக்காரிகளில் ஒருத்தி, தையில் கல்யாணம். கூறைப்புடவைக்கு ஜாக்கெட் தைக்க மாதேஸ்வரியிடம்தான் கொடுத்திருந்தாள். பூங்கொடியின் புருஷன் லாரி மோதிச் செத்ததிலிருந்து அவள் வீட்டில் விளக்குப் போடுவது அனுப்ரியாதான். மகளுக்கு இரண்டாவது ஷிப்ட் என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொல்வாள். தன் வீட்டு சுவிட்சைத் தானே தொடமாட்டாள். யாரும் தொடாதே என்று சொல்லவில்லை, தொடு என்றும் யாரும் சொல்லவில்லை.

"மாதேசு, தப்பா நெனச்சுக்காத," என்றாள் பூங்கொடி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்த ஜாக்கெட் துணியக் குடுத்துடு. அனுவுக்கு அப்பன் இல்ல. அம்மான்னு நான் ஒருத்தி இப்பிடி நிக்கறதே போதும். கூறைக்குத் தைக்கிற கையாவது... நாலு பேரு நாலு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குது."

மாதேஸ்வரிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மற்றவர்கள் சொன்னால் போகட்டும், இவள் சொல்லலாமா? தன் கையை எப்படி ஒதுக்கிவைத்தாளோ அப்படித்தானே என் கையையும் ஒதுக்குகிறாள். துணியை எடுத்து மடித்து, பையில் போட்டு நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. ஆனா ஒண்ணு. இத நீங்களே திருப்பி எடுத்துட்டு வருவீங்க."

பூங்கொடி போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மெயினை அணைத்துவிட்டு, ஒயரைக் கழற்றி, டியூப் லைட்டைப் பட்டியோடு சுவரிலிருந்து பிடுங்கினாள். தோளில் சாய்த்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் நடந்தாள். எதிரே வந்த டெம்போக்காரன் ஒதுங்கி வழிவிட்டான்.

கௌஸ் பாஷா பட்டியை வாங்கி டெஸ்ட் போர்டில் கொடுத்தார். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அணைத்துப் போட்டார், எரிந்தது. தட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், எரிந்தது.

"டியூப் நல்லாருக்கு, சோக் நல்லாருக்கு, ஸ்டார்டர் நல்லாருக்கு," என்று சிரித்தார். "அப்ப கோளாறு உன் கையிலதான் தங்கச்சி."

மாதேஸ்வரி சிரிக்கவில்லை.

"நீங்களும் சொல்லிட்டீங்களா பாய்?"

அவர் முகம் செத்துவிட்டது. "வாய் தவறி வந்துடுச்சும்மா," என்றார். ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். கடையில் மாட்டி, ஒயரை முறுக்கி, சுவிட்சைப் போட்டார். எரிந்தது. "இன்னைக்குத் தொழுதுட்டு நேரா இங்க வரேன். கடை பூட்டிக் கெடந்தாக் கெடக்கட்டும். அது எப்பிடி எரியாம போவுதுன்னு நானே பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதேஸ்வரியின் கை வழக்கப்படி அணைக்கப் போனது. பாதியில் நின்றது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் எரிகிற விளக்கு. வீடு விளங்காது என்றார்களே, விளங்கினது போதாதா, இன்னும் என்ன விளங்காமல் போய்விடும்? எரியட்டும் என்று விட்டாள். ஸ்டூலை சுவிட்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நீயா நானா பார்ப்போம் என்று உட்கார்ந்தாள்.

சும்மா உட்காரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அணைத்தாள், போட்டாள். ஒவ்வொரு தரமும் எரிந்தது. அதே கைதான், அதே ராசிதான். வெயில் மஞ்சளாகி, எதிர்ப்பக்கத்து ஷெட்டின் நிழல் ரோட்டைத் தாண்டியது. பின்பக்கம் சென்னம்மாவின் மோட்டார் உறுமியது. ராத்திரி லோடுக்கு அவள் கேன் நிரப்பத் தொடங்குகிற நேரம் அது.

டியூப் ஒரு தரம் நடுங்கியது. அணையவில்லை.

மாதேஸ்வரி அணைத்தாள், போட்டாள். சிவந்தது, வெட்டியது, எரியவில்லை. சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் கேன் நிறைந்திருக்க வேண்டும், சென்னம்மா மோட்டாரை நிறுத்தினாள். அந்த நொடியே டியூப் பளிச்சென்று பற்றிக்கொண்டது. யார் கையும் படவில்லை. சென்னம்மா கையும் இல்லை, மாதேஸ்வரி கையும் இல்லை.

அவள் வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. கம்பத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு வருவது ஒரே பழைய ஒயர், தலைமயிர் மாதிரி. மோட்டார் ஓடினால் கரண்டை எல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது, டியூபுக்குப் பற்ற வைக்கத் தெம்பு இல்லை. பற்றிக்கொண்ட பிறகு ஓடினால் சமாளித்துவிடுகிறது. கடையில் ஃபேன் இருந்திருந்தால் அதன் சுற்றைப் பார்த்து என்றைக்கோ கண்டுபிடித்திருக்கலாம். ஓசூர் குளிருக்கு ஃபேன் எதற்கு என்று வாங்கவில்லை, மிஷினும் கால் மிஷின். இத்தனை நாள் இந்த மோட்டாருக்காகவா தலைகுனிந்து நின்றோம் என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

கம்பெனி பஸ் வந்து நின்றது. அனுப்ரியா இறங்கினாள், கூட வேலை பார்ப்பவர்களும் இறங்கினார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த பூங்கொடி, மத்தியானம் வாங்கிப்போன பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்து நின்றாள். மாதேஸ்வரி கடையை விட்டு இறங்கினாள்.

"எல்லாரும் செத்த நில்லுங்க. யாரும் போவ வேணாம். அனு, எங்கூட வா."

விளக்கை அணைத்துவிட்டு பின்பக்கம் போனாள். அடுத்த கேனுக்கு மோட்டார் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, வந்து வெளக்கப் போட்டுக் குடுங்க," என்றாள்.

சென்னம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே," என்றபடி மோட்டார் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"மோட்டார் ஓடட்டும்க்கா."

"கேன் வழிஞ்சுடும்மா. ஆளில்லாம உட்டுட்டு நான் வந்ததே இல்ல."

"அனு நிப்பா. நான் கூப்புடற வரைக்கும் நிறுத்தாத அனு."

சென்னம்மா அரை மனசோடு வந்தாள். கடை வாசலில் பெண்கள் சுற்றி நின்றார்கள். அவள் வழக்கம்போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு முருகனையோ மாதப்பனையோ முணுமுணுத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். முனை சிவந்தது. வெட்டியது. எரியவில்லை. அணைத்துப் போட்டாள், எரியவில்லை. இன்னொரு தரம் போட்டுவிட்டு, சுட்டுவிட்டது போல அணைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரிக்கு அந்த ஒரு நிமிஷம் வெல்லமாக இனித்தது, அதை ஒளிப்பானேன். இத்தனை நாள் பட்டதற்கு இதையாவது ருசிக்க வேண்டாமா? அப்புறம்தான் சென்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்திருந்தது. கை முந்தானைக்குள் போய், தாலியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"எங்க வூட்டுக்காரரு பெங்களூருக்கு வண்டி எடுத்துட்டுப் போயிருக்காரும்மா," என்றாள். "எனக்கு ஏன் எரியல?"

இப்படியே விட்டால் இன்று ராத்திரி இவள் தூங்கமாட்டாள். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் மாதேஸ்வரிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆவாது. உங்க கையிலயும் ஒண்ணும் இல்லக்கா. என் கையிலயும் ஒண்ணும் இல்ல. எல்லாம் உங்க மோட்டார்ல இருக்குது," என்றாள். பின்பக்கம் திரும்பி, "அனு, நிறுத்து," என்று கத்தினாள்.

உறுமல் நின்றது. சென்னம்மா மறுபடி கையை நீட்டினாள். மாதேஸ்வரி தடுத்தாள்.

"நீங்க இல்ல. பூங்கொடியக்கா, நீங்க வாங்க."

பூங்கொடி இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். "நானா? நான் போடக் கூடாது மாதேசு. வேற யாரையாச்சும் கூப்புடு."

"போடக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நான் எங்க வூட்லயே போடறதில்ல."

"தெரியும். அதுக்குத்தான் கூப்புடறேன். எரியலன்னா நான் கடையக் காலி பண்ணிட்டுப் போயிடறேன்."

பூங்கொடி சுற்றிலும் பார்த்தாள். யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று பார்த்தாள் போலிருக்கிறது. சென்னம்மாவைப் பார்த்தாள். சென்னம்மா சுவிட்சை விட்டு ஒதுங்கி நின்றாள். பூங்கொடி வந்து, அந்த முள் கீறின விரலைச் சுவிட்சின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

ஒரே வெட்டு. கடை முழுக்க வெளிச்சமானது. நூல் கண்டுகள் ஒவ்வொன்றும் தன் தன் நிறத்தில் நின்றன. பூங்கொடி கண்ணைத் திறந்தாள். கை தானாகக் கும்பிட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. எத்தனையோ வருஷமாக அவள் அதைச் செய்யவில்லை.

"போடு அனு," என்று மாதேஸ்வரி குரல் கொடுத்தாள். மோட்டார் உறுமியது, டியூப் நடுங்கியது, நின்று எரிந்தது.

"இவ்வளவுதான். யாரு போட்டாலும் எரியும்," என்றாள் மாதேஸ்வரி. "அக்கா, கம்பத்துல இருந்து புது ஒயர் இழுங்க. இழுக்கற வரைக்கும் தினம் வெளக்கு வெக்கிற நேரத்துல உங்க மோட்டார நான் வந்து நிறுத்துவேன். வெளக்கப் போட்டுட்டு நானே ஓட உட்டுடறேன்."

"இழுக்கறேம்மா, இழுக்கறேன்," என்றாள் சென்னம்மா. அவளுக்கு இன்னும் முழுசாக உயிர் வரவில்லை. போகும்போது விளக்கை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கும்பலில் ஒருத்தி, "உங்க கை ராசியான கைதான்க்கா," என்றாள்.

"ராசியும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் மாதேஸ்வரி. "என் கையில ஊசிதான் இருக்குது. துணி இருந்தாக் குடுங்க."

கௌஸ் பாஷா தொப்பியைக் கழற்றி மடித்தபடி வேகவேகமாக வந்தார். வாசலில் நின்று டியூபைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிவிட்டது.

"எரியுதே தங்கச்சி," என்றார்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாதேஸ்வரியும் சிரித்தாள். என்ன ஏது என்று அவருக்கு விளக்குவதற்கு நாலு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

அந்தச் சத்தத்தில் பூங்கொடி தோள் பையிலிருந்து ஜாக்கெட் துணியை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். மாதேஸ்வரி அதை விரித்து, அதன் அரக்குச் சிவப்புக்குப் பொருத்தமான நூலைத் தேடி எடுத்தாள். அனுப்ரியா பின்பக்கத்திலிருந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றாள்.

"அனு, நாளைலேந்து நீ ஓடி வர வேணாம்," என்றாள் பூங்கொடி. "வூட்ல வெளக்க நானே போட்டுடறேன்."

மாதேஸ்வரி தலை நிமிரவில்லை. ஊசியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நூலைக் கோத்தாள்.